சம்பந்தியம்மா கழுவிய ஃப்ரீசர்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் ஒற்றைக் கதவு போட்டது. மேலே ஐஸ் பெட்டி. கொஞ்ச நாள் கவனிக்காமல் விட்டால் உள்ளே சுற்றிலும் ஐஸ் ஏறி, நடுவில் ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் பொந்து மிஞ்சும். அப்படிக் கட்டிப்போனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழே ஒரு பழைய புடவையை விரித்து, உருகட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வேன். இன்று காலையிலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு முறையும் அதே சாயங்காலம்தான் ஞாபகத்துக்கு வரும். அன்றைக்கு இந்தப் பெட்டியைப் பார்த்தபோது உள்ளே ஒரு பொட்டு ஐஸ் இல்லை. மஞ்சளும் எலுமிச்சையும் மணத்தன. கடையிலிருந்து வந்து இறங்கிய நாளில்கூட அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

அதைக் கழுவியவர் என் சம்பந்தியம்மா. என் மருமகளைப் பெற்றவர். இந்தத் தை மாதம் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் இருக்கும்வரை இதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று இருந்தேன். பேத்தியை மட்டும் நானும் மகனும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டோம். இனி நோகிறதற்கு யாரும் இல்லை. நான் நாலு பேர் முன்னால் பேசுகிறவள் இல்லை. சின்ன வயதில் மாசேர்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தேன். அந்தக் கன்னியாஸ்திரிகள் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தாலும் எழுந்து நிற்காமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பேன். பேச வராதது எழுதும்போது கொஞ்சம் வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

மருமகள் பாகூர் பக்கத்துப் பெண். நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். நர்ஸுக்குப் படித்துவிட்டு, கோரிமேட்டுப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். கல்யாணமாகி முத்தியால்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, நான் பேசாத பேச்சையும் சேர்த்து அவளே பேசினாள். வைத்திக்குப்பத்திலிருந்து கூடை தூக்கி வரும் மீன்காரம்மா எதைக் கொடுத்தாலும் நான் தலையாட்டி வாங்கிக்கொள்வேன். அவள் வந்த பிறகு அது நடக்கவில்லை. செவுளைத் தூக்கிப் பார்த்து, "எங்க அத்த வாயில்லாதவங்கன்னு நேத்து மீனத் தள்ளி வுடுறியா?" என்று வாசலிலேயே கேட்பாள். மீன்காரம்மாவும் விடமாட்டாள். "நர்ஸம்மா வூட்ல மீனுக்கே ஊசி போடுவாங்க போல" என்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு மகள் இல்லாத குறை அந்தச் சத்தத்தில் தீர்ந்தது.

பெண் குழந்தை பிறந்தது. நாலாம் மாதமே அவள் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. தான் இல்லாத நேரத்துக்குக் குழந்தைக்கு வேண்டிய தாய்ப்பாலை எடுத்து வைக்க, கையால் அமுக்கும் ஒரு பம்பு வாங்கி வந்தாள். எங்கள் காலத்தில் அப்படியெல்லாம் கேள்விப்பட்டதில்லை. அவள் பால் எடுக்கும்போது நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். "செவுத்துக்கிட்ட என்ன அத்த பேசிக்கினு இருக்கீங்க? இப்பிடித் திரும்புங்க. பாலுதானே" என்று சிரிப்பாள். கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்த சின்னச் சின்ன மூடி டப்பாக்களில் ஊற்றி, ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி ஒட்டி, அதில் தேதி எழுதி ஃப்ரீசரில் அடுக்குவாள். அதற்கு முந்தின நாளே அங்கே இருந்த வஞ்சிரத் துண்டுகளையெல்லாம் எடுத்துக் குழம்பு வைக்கச் சொல்லிவிட்டாள். "இனிமே இது எம்பொண்ணு வூடு. மீனுக்கு வேற வூடு பாருங்க" என்றாள். "அப்ப எனக்கு மீனு?" என்று மகன் கேட்டதற்கு, "எழுந்து போயி அன்னன்னிக்கு வாங்கிக்கினு வா. கடல் என்ன காரைக்கால்லயா கீது?" என்றாள்.

அவள் வேலைக்குப் போனதும் அந்தப் பால் என் பொறுப்பு. பழையதை முதலில் எடுக்க வேண்டும். அடுப்பில் வைக்கக் கூடாது. வெந்நீர் ஊற்றிய கிண்ணத்தில் டப்பாவை நிறுத்தி, மெள்ள உருகவைத்துப் பாலாடைச் சங்கில் ஊட்ட வேண்டும். உருகினதைத் திரும்ப உள்ளே வைக்கக் கூடாது. எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். ஒருநாள் ஐஸ் ஏறி டப்பாக்கள் அடியில் ஒட்டிக்கொண்டன. நான் கத்தியை எடுத்துக் குத்தப் போனேன். ஓடி வந்து கையைப் பிடித்தாள். "அத்த, கத்திய வையிங்க. உள்ள கீறது கேஸ் பைப்பு, வாழத்தண்டு இல்ல." அப்புறம் மகனை அனுப்பி மீன்காரர்களிடம் ஒரு தெர்மோகோல் பெட்டியும் ஐஸும் வாங்கி வரச் செய்தாள். பெட்டியைச் சோப்புப் போட்டு மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, பால் டப்பாக்களை அதில் பத்திரப்படுத்தினாள். ஃப்ரீசரில் ஒரு கிண்ணம் வெந்நீரை வைத்து, கதவைச் சாத்தி, அது தானாகக் கழன்று விழும்வரை என்னோடு தரையில் உட்கார்ந்து கதை பேசினாள். ஐஸ் பாளம் தொப்பென்று விழும்போதெல்லாம் மடியிலிருந்த குழந்தை திடுக்கிட்டுக் கையை விரிக்கும். அவள் ஒவ்வொரு தடவையும் குழந்தையின் காதில் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொன்னாள்.

அன்றைக்குத்தான் அவள் என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டாள். "இத எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அத்த. பால எடுத்து வெளிய வச்சா கண்ணு படும், வத்திப்பூடும்னு பஸ் புடிச்சு வந்து ஊரக் கூட்டுவாங்க." நானும் சொல்லவில்லை. அவர் பார்க்க வரும் நாளில் டப்பாக்களுக்கு முன்னால் ஐஸ் தட்டை மறைப்பாக வைத்துவிடுவோம். அதில் ஒரு சின்ன விளையாட்டு மாதிரி எங்கள் இருவருக்கும் சந்தோஷம்.

அவள் போன நாளில் நான் அடுப்படியில் நின்றிருந்தேன். சாயங்காலம், அவள் வீட்டுக்கு வரும் நேரம். குழந்தை அதற்குள் பசித்து அழுததால் ஒரு டப்பாவை எடுத்து வெந்நீரில் நிறுத்தியிருந்தேன். அப்போது போன் வந்தது. ஸ்கூட்டியில் வந்தவளைப் பின்னால் வந்த லாரி அடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மகன் சட்டைகூட மாற்றாமல் ஓடினான். நான் அழுதேனா, கத்தினேனா, தெரியவில்லை. குழந்தை வீறிட்டு அழுதது மட்டும் கேட்டது. பால் உருகிவிட்டிருந்தது. திரும்ப வைக்கக் கூடாது என்று அவள் சொன்னது காதில் விழுந்த மாதிரி இருந்தது. தரையில் உட்கார்ந்து அந்தப் பாலைக் குழந்தைக்கு ஊட்டினேன். அவள் உயிரோடு இல்லை. அவள் பால் குழந்தையின் தொண்டையில் இறங்கிக்கொண்டிருந்தது.

இரவெல்லாம் ஆட்கள் வந்தார்கள். யார் யாரோ என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்குள் ஒரே ஒரு நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது. ஃப்ரீசரில் இன்னும் டப்பாக்கள் இருக்கின்றன. சிக்கனமாகக் கொடுத்தால், பவுடர் பாலும் கலந்து கொடுத்தால், பத்து நாளாவது வரும். தாயைத்தான் காப்பாற்ற முடியவில்லை, பத்து நாளைக்குத் தாய்ப்பாலாவது இருக்கிறது. அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் மறுநாள் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் கிடத்தியதைப் பார்த்தேன்.

எடுக்கும் நேரத்தில் பறைச்சத்தத்துக்குக் குழந்தை அரண்டு அழுதது. மாடி வீட்டு அக்கா என்னைக் குழந்தையோடு மேலே கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் மாதா கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர், நாற்பது வருஷப் பழக்கம். ஜன்னலைச் சாத்தி, செபமாலையை உருட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குழந்தை தூங்கும்வரை நான் கீழே இறங்கவில்லை.

பிணம் எடுத்ததும் வீடு கழுவுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆண்கள் சுடுகாட்டுக்குப் போன பிறகு பெண்கள் குடத்துத் தண்ணீர், ஆக்கி வைத்தது, அரைத்து வைத்தது எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, பாத்திரங்களைக் கவிழ்த்து, வாசல்வரை தண்ணீர் விட்டுக் கழுவிவிடுவார்கள். அதை உறவுக்காரப் பெண்கள் செய்வார்கள். பெற்றவளை யாரும் வேலை செய்யச் சொல்ல மாட்டார்கள். ஆனால் சம்பந்தியம்மா துக்கம் வந்தால் உட்காரத் தெரியாதவர். கையில் வேலை இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் என்பார். எல்லாரும் கூடத்தைக் கழுவ, அவர் ஃப்ரிட்ஜுக்கு வந்திருக்கிறார்.

நான் குழந்தையோடு இறங்கி வந்தபோது அடுப்படி ஈரமாக இருந்தது. ஃப்ரிட்ஜ் கதவு திறந்து கிடந்தது. பிளக் தரையில். ஃப்ரீசரின் உள்பக்கம் பளபளத்தது. பக்கத்தில் ஒரு துணியில் சின்ன டப்பாக்கள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. பிளாஸ்திரியைக்கூடச் சுரண்டி எடுத்திருந்தார். சம்பந்தியம்மா நனைந்த புடவையோடு துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார். "பிரிட்ஜெல்லாம் கழுவிட்டேன் அண்ணி. உள்ள தேங்காப்பாலு டப்பா டப்பாவாக் கட்டிக் கெடந்துது. சாவு வூட்டுல இருந்தது எதுக்குன்னு வெந்நீ ஊத்தி கரைச்சுக் கொட்டிட்டேன்."

அவர் முகத்தைப் பார்த்தேன். அழுது அழுது கண் இரண்டும் வீங்கியிருந்தன. எனக்கு ஏதாவது ஒத்தாசை செய்துவிட்டோம் என்று அந்த முகத்தில் இத்தனூண்டு ஆறுதல் இருந்தது. பெற்ற மகளை வழியனுப்பிவிட்டு நிற்கிறவர். அவரிடம் நான் என்ன சொல்ல முடியும்? "சரி சம்பந்தி" என்றேன். பிறகு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்பக்கம் போய், வீட்டோரக் காவாயைப் பார்த்தேன். சோப்பு நுரையும் மஞ்சள் தண்ணீருமாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் எது பால் என்று தெரியவில்லை.

மகன் சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு, குழந்தை அழுவதைக் கேட்டு நேராக ஃப்ரீசரைத் திறந்தான். திறந்தவன் அப்படியே நின்றான். "பாலு எங்கம்மா?" என்றான். அவன் குரல் ஏறுவதற்குள் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். என் ஆயுசில் நான் யாரையும் அப்படி இழுத்ததில்லை. "அவங்களுக்குத் தெரியாதுப்பா. தேங்காப்பாலுன்னு நெனச்சுட்டாங்க. கத்தாத. பெத்தவ அவங்க. தெரிஞ்சா உசுரோட இருக்க மாட்டாங்க." அவன் என் தோளில் முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் குலுங்கினான். சரி என்று தலையை ஆட்டினான். பவுடர் பாலைக் குழந்தை இரண்டு நாள் துப்பியது. வாயில் வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, என் நெஞ்சில் மூக்கால் தேடியது. நான் வறண்ட கிழவி. என்ன கொடுப்பேன்? மூன்றாம் நாள் களைத்துப்போய்க் குடிக்க ஆரம்பித்தது.

அதற்கப்புறம் சம்பந்தியம்மா மாதம் தவறாமல் பஸ் ஏறி வந்தார். கத்தரிக்காய், முருங்கைக்கீரை, வறுத்துத் தின்ன மல்லாட்டை என்று பை கொள்ளாமல் இருக்கும். பேத்தியைக் கொஞ்சி முடித்த கையோடு ஃப்ரீசரைத் திறந்து பார்ப்பார். "என்னா அண்ணி, உள்ள இமயமலையே கீது. டவுன்காரங்களுக்கு எல்லாத்துக்கும் மிசினு வேணும், ஆனா அதக் கழுவ பாகூர்லேர்ந்து ஆளு வரணும்" என்று என்னைக் கிண்டல் செய்துகொண்டே பிளக்கைப் பிடுங்குவார். நான் வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டார். அவர் அந்தப் பெட்டிக்குள் கையை விட்டுத் துடைக்கும்போது என்னால் அங்கே நிற்க முடியாது. துணி மடிக்கிற சாக்கில் கூடத்துக்குப் போய்விடுவேன். ஒருநாள் துடைத்துக்கொண்டே அவராகச் சொன்னார். "அன்னிக்கு எங்கையால எம்பொண்ணுக்கு உருப்படியாச் செஞ்சது இந்த ஒண்ணுதான் அண்ணி. அவ வூட்டக் கழுவிக் குடுத்தேன். அதான் இதத் தொட்டா மனசு கொஞ்சம் அடங்குது." நான் மடித்த துணியையே திரும்ப உதறி மடித்துக்கொண்டிருந்தேன்.

மகன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். ஒரே ஒருமுறைதான் கைமீறப் பார்த்தது. பேத்திக்கு அடிக்கடி சளி பிடிக்கும். அன்றைக்கு எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். குழந்தை இருமியதும் சம்பந்தியம்மா பெருமூச்சு விட்டார். "தாய்ப்பாலு இன்னும் நாலு நாளு குடிச்சிருந்தா ஒடம்பு தேறியிருக்கும். குடுத்து வைக்கல." மகன் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டான். வாயும் திறந்துவிட்டது. "ரசம் ஊத்தட்டுமாப்பா?" என்றேன் நான், சத்தமாக. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவன் என்னைப் பார்த்தான். உட்கார்ந்தான். ரசம் ஊற்றிக்கொண்டான். சம்பந்தியம்மா ஒன்றும் கவனிக்கவில்லை. குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

இப்படியே வருஷங்கள் போயின. பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். இது என்னோடு மண்ணுக்குள் போய்விடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் சம்பந்தியம்மாவின் இளைய மகளுக்குக் குழந்தை பிறந்தது. தாய்வீட்டில்தான் பிரசவம் பார்த்தார்கள். அந்தப் பெண் டீச்சர். லீவு முடிந்து வேலைக்குப் போகும்போது, அக்கா செய்த மாதிரியே அவளும் பாலை எடுத்துத் தாய்வீட்டு ஃப்ரீசரில் வைத்திருக்கிறாள். ஒருநாள் ஐஸ் வெட்டுவதற்காகச் சம்பந்தியம்மா அதைத் திறந்திருக்கிறார்.

அன்று அவர் வரும் நாள் இல்லை. பை எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு வந்தார். தலைகூட வாரவில்லை. வெயிலில் முகம் கறுத்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அடுப்படி வாசலில் நின்றுகொண்டு கேட்டார். "அண்ணி, அன்னிக்கு நான் கொட்டுனது தேங்காப்பாலுதானே?"

நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். பேசுகிறவர்களுக்குத்தான் பொய் வேண்டும், நான் பேசுவதே இல்லையே. ஆனால் அன்றைக்கு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தேங்காப்பாலுதான் சம்பந்தி. நான்தான் புழிஞ்சு வச்சிருந்தேன்."

"அவ்ளோ டப்பாவா அண்ணி?"

"ஆமா. நெறைய காய் கெடச்சுது. ஆப்பத்துக்கு ஊத்திக்கலாம்னு. அவ ஆசையா சாப்புடுவா."

சம்பந்தியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரொம்ப மெதுவாக, எனக்கு வலிக்கக் கூடாது என்கிற மாதிரி சொன்னார். "அவளுக்குச் சின்னதுலேர்ந்தே தேங்காப்பாலு ஆவாதே அண்ணி. வாந்தி எடுத்துடுவாளே."

எனக்கு அது தெரியாது. நாலு வருஷம் என்னோடு இருந்தாள். நான் தேங்காய்ப்பாலில் செய்வதே இல்லை, அதனால் தெரியாமல் போயிற்று. பெற்றவருக்குத் தெரிந்திருந்தது. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி அண்ணி" என்றார். பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். அவள் வந்ததும் பக்கத்தில் இழுத்து, கன்னத்தைத் தடவி, கட்டைவிரலால் அவள் உதட்டைத் துடைத்துவிட்டார். பேத்தி, "வாயில என்ன ஆயா? நான் ஒண்ணும் சாப்புடலயே" என்றாள். "ஒண்ணுமில்ல கண்ணு" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அதற்கப்புறமும் வந்தார். பை நிறையக் காய் கொண்டுவந்தார். பேத்திக்குத் தலை பின்னிவிட்டார். ஆனால் எங்கள் ஃப்ரிட்ஜைத் தொடவில்லை. ஐஸைப் பற்றிப் பேசவில்லை, என்னைக் கிண்டல் செய்யவில்லை. கத்திரி வெயிலில், பஸ்ஸில் நின்றுகொண்டு வந்து இறங்கிய ஒருநாள், ஃப்ரிட்ஜைச் சுற்றிக்கொண்டு போய்க் குடத்துத் தண்ணீரை மொண்டு குடித்தார். கொண்டுவந்த கீரையைக்கூட என் கையில்தான் கொடுப்பார், உள்ளே வைக்க மாட்டார். நானும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவர் அழ வேண்டும், அப்புறம் நானும் அழ வேண்டும். உண்மையைச் சொல்லியிருந்தால் ஒருமுறையாவது இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து அழுதிருப்போமோ என்று இப்போது தோன்றுகிறது. எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். ஒருவருக்கொருவர் நோகக் கூடாது என்று கடைசிவரை பேசாமலே இருந்துவிட்டோம்.

இன்று காலை ஐஸ் முழுவதும் உருகப் பதினோரு மணி ஆகிவிட்டது. வீட்டில் யாரும் இல்லை. மஞ்சள் கரைத்து, எலுமிச்சை பிழிந்து, துணியை முக்கித் துடைத்தேன். குனிந்து துடைத்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மூலையில் கையை விட்டுத் தடவினால் இன்னும் ஈரம், ஒரு பிசுக்கு. எத்தனை தடவை துடைத்தாலும் போகவில்லை. இந்த மாதிரி நேரத்தில்தான் சம்பந்தியம்மா பின்னாலிருந்து முழங்கையால் என்னை இடித்து, "தள்ளுங்க அண்ணி" என்பார்.

துணியைக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் தள்ளி நின்றேன்.